சிங்க்கில் எண்ணெய் ஊற்றும் முன்: குமரி மாவட்ட அடுக்களைகளுக்கு ஒரு வழிகாட்டி

சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் நின்றால் பிளம்பரைக் கூப்பிடுகிறோம். அவர் குழாயைக் கழற்றினால் உள்ளேயிருந்து வெள்ளையாக, மெழுகு போல ஒன்று வரும். தேங்காய் எண்ணெயும் அரப்பும் (கறிக்கு அரைத்த தேங்காய் மசாலா) சோற்றுப் பசையும் சோப்பும் சேர்ந்து இறுகிய கட்டி அது. ஒரே நாளில் வந்ததில்லை. ஒவ்வொரு முறை மீன்சட்டி கழுவும்போதும் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்தது.

புதிதாக வீடு கட்டிக் குடிபோனவர்கள், முதல்முறை வாடகை வீட்டில் தனி அடுக்களை நடத்துகிறவர்கள், வேலைக்காக வேறு மாவட்டத்திலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வந்தவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் புழங்கிய வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. இங்குள்ள சமையலில் தேங்காய் எண்ணெய், தேங்காய்ப்பால், அரைத்த தேங்காய் மூன்றும் அன்றாடம் சேரும். மூன்றிலும் இருப்பது குளிர்ந்தால் உறையும் கொழுப்பு.

எல்லாப் படிகளுக்கும் அடிப்படை ஒன்றுதான்: எண்ணெயைத் தண்ணீர் தொடும் முன்பே பிரித்துவிடுங்கள். தண்ணீரோடு கலந்த பிறகு அதைப் பிரிக்கச் செலவு அதிகம், அலைச்சலும் அதிகம்.

1. சிங்க் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

ஒரு வாளி தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து சிங்க்கில் ஊற்றுங்கள். ஒருவர் வெளியே நின்று அது எங்கே வருகிறது என்று பார்க்கட்டும். இந்த மாவட்டத்து வீடுகளில் பொதுவாக இவற்றில் ஒன்றாக இருக்கும்: செப்டிக் டேங்க், தனி உறிஞ்சுகுழி, தென்னை அல்லது வாழை மூடு (அடிப்பகுதி), தெரு ஓடை. நாகர்கோவிலில் பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள வீடுகளில் அதற்குள் போகும்.

எங்கே போகிறது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். உறிஞ்சுகுழிக்குப் போனால் எண்ணெய் மண்ணின் துளைகளை அடைக்கும். அடைபட்ட குழியைத் தூர்வாரினாலும் பழைய உறிஞ்சும் திறன் முழுதாகத் திரும்பாது, வேறு இடத்தில் புதுக்குழி தோண்ட வேண்டி வரும். பக்கத்தில் கிணறு இருந்தால் புதுக்குழிக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. செப்டிக் டேங்கில் எண்ணெய் மேலே ஆடையாகத் தடித்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் வெளியேறும் குழாய்க்குள் நுழையும். வாழை மூட்டுக்குப் போனால் அங்குள்ள மண்ணில் எண்ணெய் படிந்து தண்ணீரை உள்ளே விடாது, எறும்பும் எலியும் வரும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: வீட்டின் பிளான் நகல், குழாய் பதித்தபோது எடுத்த புகைப்படங்கள், செப்டிக் டேங்க் மூடி இருக்கும் இடத்தைச் சுவரிலிருந்து அளந்து எழுதிய குறிப்பு. வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் மண்போட்டு மூடும் முன் குழாய்ப் பாதை முழுவதையும், பக்கத்தில் அளவு டேப் தெரியும்படி, படம் எடுத்துவிடுங்கள். வாடகை வீடாக இருந்தால் குடிபுகும் நாளிலேயே சிங்க்கில் ஒரு வாளி தண்ணீர் விட்டு, அது இறங்கும் வேகத்தை வீடியோவாக எடுத்து உரிமையாளருக்கு அனுப்புங்கள். அடைப்பு எடுக்கும் செலவு யாருடையது, செப்டிக் டேங்க் கழிவை எடுக்கும் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதச் சொல்லுங்கள். முன்பு இருந்தவர்கள் ஊற்றிய எண்ணெய்க்குப் புதிதாக வந்தவர் காசு கொடுப்பது அடிக்கடி நடக்கிறது.

2. எது எப்போது உறையும்

தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் கட்டியாக நிற்கிறதே, அதுதான் நிழலில் கிடக்கும் குழாய்க்குள்ளும் நடக்கும். டால்டா 30 டிகிரிக்கு மேல்தான் உருகும். பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் அதைவிடப் பிடிவாதம்: சித்திரை வெயிலிலும் குழாய்க்குள் கட்டியாகவே இருக்கும்.

பாமாயிலும் சூரியகாந்தி எண்ணெயும் உறையாதே என்று நினைக்க வேண்டாம். பலமுறை சூடான எண்ணெய் பிசினாக மாறும். அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒட்டிக்கொண்டு தேய்த்தாலும் போகாத மஞ்சள் பிசுக்கு எதுவோ, அதுவே குழாயிலும் ஒட்டும். கடலோர ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகவோ கடினமாகவோ இருந்தால், அதிலுள்ள கால்சியம் கொழுப்போடு சேர்ந்து சுண்ணாம்புச் சோப்பாகும். அது தண்ணீரில் கரையவே கரையாது.

3. வாணலியில் மிஞ்சிய எண்ணெய்

பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 190 டிகிரி வரை இருக்கும். பி.வி.சி. குழாய் சுமார் 80 டிகிரியிலேயே இளகும். சூடான எண்ணெயை ஊற்றினால் குழாய் வளையும், ஒட்டிய இணைப்பு விடும். அடைப்பு வருவதற்கு முன் கசிவு வந்துவிடும்.

அடுப்பை அணைத்து, வாணலியை அசைக்காமல் குறைந்தது 2 மணி நேரம் ஆறவிடுங்கள். வெளிப்பக்கத்தைக் கையால் தொடும் அளவு ஆறிய பிறகு, எவர்சில்வர் வடிகட்டியில் மெல்லிய பருத்தித் துணி விரித்து வடிகட்டுங்கள். அடியில் தங்கிய கருகல் துணுக்குகளை எண்ணெயோடு விட்டால் அடுத்த முறை சீக்கிரம் கறுக்கும்.

திரும்பப் பயன்படுத்தலாமா என்று பார்க்க வேண்டிய அடையாளங்கள்: நிறம் கறுத்தது, சூடேறும்போது நுரைப்பது, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைவது, விரலில் ஒட்டும் பிசுபிசுப்பு, காறல் வாடை. இவற்றில் ஒன்று இருந்தாலும் சமையலுக்கு வேண்டாம். எண்ணெய் கெட்டுப்போகும்போது உண்டாகும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் விதி வைத்திருக்கிறது. 2018 ஜூலை முதல் அது நடைமுறையில் உள்ளது. வீட்டில் அளக்கும் கருவி இருக்காது, ஆகவே கண்ணையும் மூக்கையும் நம்ப வேண்டியதுதான். மீன் பொரித்த எண்ணெயை மீன் பொரிக்க மட்டும், அதுவும் ஓரிரு நாளுக்குள். ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் பொரித்த எண்ணெய் கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும்.

வேண்டாத எண்ணெயை மூடி இறுக்கமாக உள்ள தகர டின்னிலோ கெட்டியான பிளாஸ்டிக் கேனிலோ சேருங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றுவதாக இருந்தால் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சூட்டில் பாட்டில் சுருங்கிக் கொட்டிவிடும். மேலே பெரிதாக எழுதி ஒட்டுங்கள். நல்ல எண்ணெய் என்று நினைத்து வேறொருவர் எடுத்துத் தாளித்துவிடக் கூடாது.

4. தினசரிப் பாத்திரங்கள்: துடைத்த பிறகே தண்ணீர்

பொரித்த எண்ணெயைப் பத்திரமாக எடுத்து வைக்கிற வீடுகளிலும் குழாய் அடைக்கிறது. காரணம் தட்டு, கறிச்சட்டி, மிக்ஸி ஜார். ஒவ்வொன்றிலும் ஒட்டியிருப்பது ஒரு ஸ்பூன்கூட இருக்காது, ஆனால் நாள்தோறும் மூன்று வேளை.

கறிச்சட்டியில் மிஞ்சியதை முதலில் சட்டுவத்தால் வழித்து எடுங்கள். பிறகு பழைய செய்தித்தாளை உள்ளங்கை அளவு கிழித்துத் துடையுங்கள். மீன் பொரித்த சட்டிக்குக் காகிதம் போதாது: ஒரு கைப்பிடி விறகுச் சாம்பல் அல்லது மரத்தூள் தூவி, ஒரு நிமிடம் விட்டு, காகிதத்தால் சுற்றித் துடைத்தால் எண்ணெய் முழுக்க அதில் ஏறிவிடும். தூளைக் குப்பையில் தட்டிய பிறகு சட்டியைச் சிங்க்குக்குக் கொண்டு போங்கள். இதற்குக் கூடுதலாக ஆகும் நேரம் சட்டிக்கு அரை நிமிடம், சோப்பும் பாதிதான் செலவாகும்.

மிக்ஸி ஜாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரப்பில் நாரும் உண்டு, கொழுப்பும் உண்டு. கொழுப்பு ஒட்டும், நார் அதைப் பின்னிப் பிடிக்கும். சுவருக்குப் பூசும் மண்ணில் வைக்கோல் கலப்பது போல இரண்டும் சேர்ந்து உறுதியாகிவிடும். ஜாரைக் கழுவிய முதல் தண்ணீரைக் கறியிலேயே ஊற்றுவது இங்குள்ள பழக்கம், அதை விடாதீர்கள். இரண்டாவது தண்ணீரை வடிகட்டி வழியாக மட்டும் விடுங்கள். பாயசச் சருவம், தயிர்ப் பானை, நெய்க் கிண்ணம் இவையும் கொழுப்புப் பாத்திரங்களே.

பொதுவாக நடக்கும் தவறு: கொதிநீரும் சோப்பும் சேர்த்து ஊற்றினால் எல்லாம் போய்விடும் என்று நம்புவது. போகிறது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடத்திலிருந்து மட்டும். பத்தடி தள்ளித் தண்ணீர் ஆறியதும் கொழுப்பு சோப்பிலிருந்து பிரிந்து மண்ணுக்கடியில் படியும். சிங்க்கடிக் குழாயைக் கையால் கழற்றிச் சுத்தம் செய்யலாம். மண்ணுக்கடியில் என்றால் தரையை உடைக்க வேண்டும்.

5. சேர்த்து வைத்த எண்ணெயை என்ன செய்வது

மாதம் அரை லிட்டருக்குள் என்றால் உறிஞ்சவைத்து அப்புறப்படுத்துவதே சுலபம். ஒரு பழைய பையில் மர அறுவை மில்லில் கிடைக்கும் தூளையோ தென்னைநார்த் தூளையோ போட்டு, எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிளறுங்கள். கையில் அழுத்தினால் எண்ணெய் சொட்டாத அளவுக்குத் தூள் சேருங்கள். அரை லிட்டருக்கு மூன்று நான்கு லிட்டர் பாத்திரம் நிறையத் தூள் பிடிக்கும். பையைக் கட்டிக் குப்பை எடுக்க வருபவரிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள். எண்ணெய் ஊறிய துணியையும் தூளையும் வெயிலில் குவித்து வைக்காதீர்கள். சூரியகாந்தி எண்ணெய் போன்றவை ஊறிய குவியல் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்.

கொழுப்புக் கட்டிகளைச் சிரட்டையில் வழித்து உறையவிட்டு அப்படியே குப்பையில் போடலாம். உரக்குழியில் எண்ணெய்க் காகிதம் ஓரிரண்டு போனால் மக்கிவிடும். அதற்கு மேல் போனால் காற்று புகாமல் நாறும், பெருச்சாளி தோண்டும். வடிகட்டிய தேங்காய் எண்ணெயை வெட்டுகத்தி, மண்வெட்டி துருப்பிடிக்காமல் பூசவும் கதவுக் கீலுக்கு விடவும் வைத்துக்கொள்ளலாம்.

சோப்பு காய்ச்சலாம், கவனம் வேண்டும். நன்றாக வடிகட்டிய தேங்காய் எண்ணெய் 1 கிலோவுக்குக் காஸ்டிக் சோடா 170 கிராம், தண்ணீர் 350 கிராம். பாமாயிலும் சூரியகாந்தியும் கலந்த எண்ணெய் என்றால் காஸ்டிக் 130 கிராமுக்கு மேல் போகக் கூடாது, கூடினால் சோப்பு தோலை அரிக்கும். எல்லாவற்றையும் தராசில் நிறுத்தே போட வேண்டும். காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக்கின் மேல் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பிள்ளைகள் இல்லாத திறந்த இடத்தில் செய்யுங்கள். ஊற்றி உறைந்த கட்டியை 4 வாரம் உலரவிட்டுத் தரை, பாத்திரம் கழுவ மட்டும் பயன்படுத்துங்கள்.

சிப்ஸ் போடுகிறவர்கள், டிபன் கடை, கேட்டரிங் நடத்துகிறவர்களுக்குப் பாதை வேறு. பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தை ரூகோ என்ற பெயரில் மேலே சொன்ன உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் தொடங்கியது. அதில் பதிவான சேகரிப்பாளர்களிடம் கொடுங்கள். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் புழங்கும் இடங்கள் பதிவேடு வைத்தாக வேண்டும். அதற்குக் கீழே இருந்தாலும் ஒரு நோட்டில் தேதி, எண்ணெய் வகை, எத்தனை லிட்டர், யாரிடம் கொடுத்தது என்று எழுதி, ரசீதைக் கூடவே ஒட்டி வையுங்கள். ரசீது தராமல் கூடுதல் விலைக்கு கேனோடு வாங்கிப்போக வருகிறவர்களிடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த எண்ணெய் மறுபடி எவரோ ஒருவரின் பலகாரச் சட்டிக்குப் போகும், அதைச் சாப்பிடுவது நம் ஊர்ப் பிள்ளைகள்தான்.

6. சிங்க்கடியில் இருக்க வேண்டியவை

துளை சிறிய எவர்சில்வர் வடிகட்டி, சுமார் 50 முதல் 100 ரூபாய். கையால் திருகிக் கழற்றும் பாட்டில் டிராப் (சிங்க்கடியில் துணுக்குகள் தங்கும் கிண்ணம்), பிளாஸ்டிக்கில் 200 முதல் 400 ரூபாய். கழற்ற முடியாதபடி பசை போட்டு ஒட்டிய வளைவு இருந்தால் மாற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை அடியில் வாளி வைத்துக் கழற்றிக் கொட்டுவதற்கு 10 நிமிடம் போதும்.

சிங்க்கிலிருந்து வெளியே போகும் குழாய் 50 மி.மீ., மண்ணுக்கடியில் 75 மி.மீ. இருக்கட்டும். சரிவு ஒரு மீட்டருக்கு 25 மி.மீ. சுவரோரம் 90 டிகிரி வளைவு ஒன்று போடுவதற்குப் பதில் 45 டிகிரி வளைவு இரண்டு போடச் சொல்லுங்கள், படிவது குறையும். ஒவ்வொரு திருப்பத்திலும் திறக்கும் மூடி வேண்டும். ‘பிறகு பார்த்துக்கலாம்’ என்று கொத்தனார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். தரை ஓடு ஒட்டிய பிறகு அந்த மூடியை வைக்க முடியாது.

7. கிரீஸ் டிராப் (எண்ணெயைப் பிரிக்கும் தொட்டி) கட்டுவது

சிங்க் தண்ணீர் உறிஞ்சுகுழிக்கோ செப்டிக் டேங்குக்கோ போகிற வீடுகளுக்கு இது அவசியம் என்பது என் கருத்து. தண்ணீரைச் சிறிது நேரம் அசையாமல் நிறுத்தினால் எண்ணெய் மேலே மிதக்கும், துணுக்கு கீழே தங்கும், நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் வெளியே போகும். வேலை அவ்வளவுதான்.

உள்ளளவு: நீளம் 60 செ.மீ., அகலம் 45 செ.மீ., தண்ணீர் நிற்கும் ஆழம் 45 செ.மீ. ஏறக்குறைய 120 லிட்டர் பிடிக்கும், ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்குப் போதும். உள்ளே வரும் குழாயிலும் வெளியே போகும் குழாயிலும் ‘டி’ இணைப்பு போட்டுக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். வெளியேறும் குழாயின் கீழ்வாய் தொட்டியின் அடித்தளத்திலிருந்து 15 செ.மீ. உயரத்தில் நிற்கட்டும். வெளியேறும் மட்டம் உள்வரும் மட்டத்தைவிட 5 செ.மீ. தாழ்வாக இருக்க வேண்டும். நாலரை அங்குலச் சுவருக்குச் சுமார் 90 செங்கல், ஒரு மூட்டை சிமெண்ட், உள்ளே வழவழப்பான பூச்சு. கட்டிய பின் ஒரு வாரம் நனைத்து விடுங்கள். கைப்பிடியோடு ஒருவர் தூக்கும் எடையில் மூடி, கொசு புகாத பொருத்தம்.

கட்டியும் வேலை செய்யாமல் போவதற்கான காரணங்கள் இவை. ‘டி’ போடாமல் குழாயை நேராக விட்டிருப்பார்கள், மேலே மிதக்கும் எண்ணெய் அப்படியே போய்விடும். மாடியிலிருந்து வரும் மழைத்தண்ணீரை இதில் இணைத்திருப்பார்கள், ஆனி மாத ஒரு மழையில் சேர்ந்ததெல்லாம் அடித்துக்கொண்டு போகும். குளியலறைத் தண்ணீரும் சேர்ந்தால் எண்ணெய் பிரிய நேரம் கிடைக்காது. கழிப்பறைக் குழாயை எக்காரணத்தாலும் இதில் சேர்க்கக் கூடாது.

செங்கல்லுக்குப் பதில் 100 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் பதித்தால் அரை நாளில் முடியும். கடலோர மணலிலும் நீர்மட்டம் உயர்ந்த வயலோர மனைகளிலும் ஒரு எச்சரிக்கை: மழைக்காலத்தில் டிரம்மைக் காலியாக விட்டால் மண்ணைப் பிளந்து மேலே எழும்பும், குழாய் உடையும். சுத்தம் செய்த உடனே தண்ணீர் நிரப்புங்கள்.

மேலாடையும் அடிச்சேறும் சேர்ந்து ஆழத்தில் கால்பங்கு ஆனால் எடுக்கும் நேரம். சாதாரண வீட்டுக்கு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை. காலையில், அடுக்களை வேலை தொடங்கும் முன், ஆடை கெட்டியாக இருக்கும்போது துளைக்கரண்டியால் அள்ளி மரத்தூளில் புரட்டிக் கட்டுங்கள்.

8. அடைத்துவிட்டால்

தண்ணீர் மெதுவாக இறங்குவதும் இறங்கும்போது குழாய் கொடகொடப்பதும் முன்னறிவிப்பு. முதலில் பாட்டில் டிராப்பைக் கழற்றிப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் ரப்பர் பிளஞ்சர், அதற்கும் அசையாவிட்டால் 5 மீட்டர் ஸ்பிரிங் கம்பி. ஹார்ட்வேர் கடையில் 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும். கம்பியை ஒரே திசையில் சுழற்றிக்கொண்டே உள்ளே விடுங்கள், குத்தித் தள்ளினால் கட்டி இன்னும் இறுகும். கட்டி வெளியே வந்த பிறகு, கை பொறுக்கும் சூட்டில் சோப்புத் தண்ணீர் ஒரு வாளி.

காஸ்டிக் சோடாவைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். கொழுப்போடு சேர்ந்து அது சோப்பாகும், தண்ணீர் குறைவாக இருந்தால் குழாய்க்குள்ளேயே கல்லாக நிற்கும். செப்டிக் டேங்கில் மக்கவைக்கும் நுண்ணுயிரையும் கொல்லும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுவது உயிருக்கே ஆபத்து: குளோரின் வாயு வரும், மூடிய அடுக்களையில் மூச்சுத்திணறும். ஏற்கெனவே ஏதாவது ஊற்றியிருந்தால் பிளம்பர் கை வைக்கும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்.

9. விசேஷ நாட்கள்

ஓணம், தீபாவளி, கிறிஸ்துமஸ், வீட்டுக் கல்யாணம். ஒரு வருடத்து எண்ணெய் ஒரே நாளில் மண்ணுக்கோ ஓடைக்கோ போவது இப்போதுதான். சமையல்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசுங்கள்: மிஞ்சிய எண்ணெயை வந்த டின்னிலேயே ஊற்றி மூடி வைக்க வேண்டும், உருளி, அண்டா எல்லாம் தவிடு போட்டுத் துடைத்த பிறகே கழுவ வேண்டும். தவிட்டை நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள், இல்லையென்றால் நடக்காது. பாத்திரம் கழுவும் இடம் கிணற்றுக்குப் பக்கத்தில் அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

10. செப்டிக் டேங்க் எடுப்பது

2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை டேங்கின் கழிவை வண்டி வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். அடுக்களைத் தண்ணீரும் அதில் போகிறது என்றால் வருடம் ஒருமுறை மூடியைத் திறந்துவைத்துக் காற்றுப் போகவிட்டு, மேலாடையின் கனத்தைத் தள்ளி நின்று நீளக் கம்பால் பாருங்கள். தீக்குச்சி, பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. ஆளை உள்ளே இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் பொறுப்பாவார். முதல் குற்றத்துக்கே 2 வருடம் வரை சிறையோ 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு. எண்ணெய் ஆடை கல்லாகிவிட்டது, ஆள் இறங்கித்தான் உடைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிட்டு வேறு வண்டி கூப்பிடுங்கள். தண்ணீர் பீய்ச்சிக் கலக்கி உறிஞ்சலாம்.

வண்டிக்கு உள்ளாட்சி அமைப்பின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். நாகர்கோவில் மாநகராட்சி, குளச்சல், பத்மநாபபுரம், குழித்துறை, கொல்லங்கோடு நகராட்சிகள் என்றால் அந்தந்த அலுவலகத்தில், பேரூராட்சி, ஊராட்சிகளில் உங்கள் அலுவலகத்தில் விசாரிக்கலாம். 14420 என்ற உதவி எண்ணும் உண்டு. கட்டணம் பேசும்போது ஒரு லோடுக்கா, டேங்க் முழுவதற்குமா, குழாய் நீளம் கூடினால் எவ்வளவு என்று மூன்றையும் கேட்டுக்கொண்டு, தேதியும் வண்டி எண்ணும் உள்ள ரசீது வாங்குங்கள்.

பங்குனி, சித்திரையில் எடுப்பது நல்லது. இங்கே தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் கிடைப்பதால் ஆனி தொடங்கி மார்கழி வரை நிலத்தடி நீர் எப்போது வேண்டுமானாலும் ஏறும். அப்போது எடுத்தால் வெளித்தண்ணீர் டேங்குக்குள் ஊறி வரும், காசு கொடுத்து மழைத்தண்ணீரை எடுத்த மாதிரி ஆகிவிடும். முழுவதையும் வழித்தெடுக்காமல் அடியில் கொஞ்சம் சேற்றை விடச் சொல்லுங்கள், நுண்ணுயிர் பெருக அது வேண்டும். எடுத்த அன்றே டேங்கில் தண்ணீர் விட்டு நிரப்பத் தொடங்குங்கள்.